தொழில்தடத்துப் பள்ளிக்கூடங்கள் – 9: கிச்சடிக்கு ஒன்பது தீப்பெட்டி

இந்த வாரம் ரோட்டில் நின்று வண்டிகளை எண்ணப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில், ஒரகடம் பக்கம், ஷிஃப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. வில்லியம் பிளேஃபேர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் குறுக்கே வந்துவிட்டார். அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

சென்ற வாரம் நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் நேர்க்கோட்டுக் குறிகளோடு நிறுத்தினோம். பிள்ளைக்கு எண்ணத் தெரிந்துவிட்டது. எண்ணியதை எல்லோரும் பார்க்கும்படி நிற்க வைப்பது எப்படி? அதுதான் இந்த வாரம்.

ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் அன்று வந்திருந்தவர்கள் 22 பிள்ளைகள். புதன்கிழமை, காலை உணவு பொங்கல். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்குள் சண்டை. பொங்கல்தான் பெஸ்ட் என்று ஒரு கட்சி, கிச்சடிதான் என்று இன்னொரு கட்சி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. திங்களும் வியாழனும் உப்புமா வகை, செவ்வாயும் வெள்ளியும் கிச்சடி வகை, நடுவே புதன்கிழமை பொங்கல் என்று அப்போது ஒரு முறை வைத்திருந்தார்கள். இந்தப் பட்டியல் அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பையனும் வியாழக்கிழமை என்ன டிபன் என்று கேட்டால் தயங்க மாட்டான்.

டீச்சர் சண்டையை அடக்கவில்லை. "சரி, எத்தனை பேருக்கு எதுன்னு பாத்துருவமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அன்றைய பாடம் தொடங்கிவிட்டது. புத்தகத்தில் இதற்கென்று 'தகவல் செயலாக்கம்' என்று பாடம் இருக்கிறது. பட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம் எல்லாம் அதில் வரும். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பழைய கணக்குப் புத்தகங்களிலும் 3, 4, 5 ஆம் வகுப்புகளுக்கு 'ஸ்மார்ட் சார்ட்ஸ்' என்று தொடர்ச்சியாக ஒரு பாடம் உண்டு. அவற்றில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆனால் யாரோ ஒரு வகுப்பில் யாரோ பிள்ளைகளுக்கு ஆப்பிள் பிடிக்குமா ஆரஞ்சு பிடிக்குமா என்ற கணக்கைப் போடும்போது, அந்தப் பதில் தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பு எந்தப் பிள்ளைக்கும் வராது. இங்கே பொங்கல் கட்சிக்கும் கிச்சடி கட்சிக்கும் அந்தத் தவிப்பு இருந்தது.

முதலில் நோட்டில் வரையச் சொன்னார். பெயரைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தட்டு வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், உப்புமாதான் ஜெயிச்சுது!" என்றான். உப்புமா என்று சொன்னவர்கள் மொத்தமே ஐந்து பேர். ஆனால் அவன் உப்புமாக்காரன். உப்புமாத் தட்டுகளை ஆசை ஆசையாகப் பெரிதாக வரைந்திருந்தான். மேலே மிளகாய்கூடப் போட்டிருந்தான். அவனுடைய ஐந்து தட்டும் பக்கத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடியிருந்தன. கிச்சடியின் ஒன்பது தட்டுகள் இடமில்லாமல் நெருக்கியடித்து, பாதி வரியிலேயே முடிந்திருந்தன. அவன் சொன்னது பொய் இல்லை. படத்தில் நீளமாக இருந்தது உப்புமாதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுத்த யாரைக் கேட்டாலும் இந்த இடத்தைச் சொல்வார்கள். பஸ்ஸையும் சைக்கிளையும் வரையச் சொன்னால் பஸ் பெரிதாகத்தான் வரும். உண்மையில் பெரியதைப் படத்திலும் பெரிதாக வரைவதுதான் பிள்ளையின் நியாயம். வரைபடத்தின் நியாயம் வேறு. இங்கே யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவு இடம். ஏழெட்டு வயதில் அதை ஏற்றுக்கொள்வது பெரிய காரியம். "ஒரே சைஸ்ல வரைடா" என்று திட்டினால் வரைவான், ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

அந்த டீச்சர் திட்டவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே காலித் தீப்பெட்டிகள். ஆளுக்கு ஒன்று கொடுத்து, மேலே பெயர் எழுதச் சொன்னார். தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே மூன்று இடத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எழுதினார். ஒவ்வொருவராக வந்து, கோட்டை ஒட்டி முதல் பெட்டியையும், அதற்கு மேலே அடுத்தடுத்த பெட்டிகளையும் இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பையன் தன் பெட்டியைப் பொங்கலுக்கு வைத்துவிட்டு, கிச்சடிக்கும் ஒன்று வேண்டும் என்று கை நீட்டினான். அவனுக்கு இரண்டும் பிடிக்கும். வகுப்பே கத்தியது: "ஒருத்தருக்கு ஒரு பொட்டிதான்!" புள்ளியியலின் பெரிய விதி ஒன்றைப் பிள்ளைகளே அங்கே சட்டமாக்கிவிட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒடியா பேசும் வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை வருகிறாள். இந்தத் தொழில்தடத்தின் பள்ளிகளில் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் பிள்ளைகளைப் பார்ப்பது இப்போது சாதாரணம். தமிழில் அவள் இன்னும் இரண்டு வார்த்தைக்கு மேல் கோத்துப் பேசுவதில்லை. தன் தீப்பெட்டியைப் பொங்கலின் உச்சியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். திரும்பவும் குனிந்து, கிச்சடி வரிசையின் உச்சியில் தனியாக நீட்டிக்கொண்டிருந்த பெட்டியைத் தொட்டு, ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். கிச்சடி ஒன்பது, பொங்கல் எட்டு, உப்புமா ஐந்து. வித்தியாசம் ஒன்று என்பதைக் கணக்குப் போட்டு அவள் சொல்லவில்லை. பார்த்துச் சொன்னாள். தரையில் ஒரே கோட்டில் எல்லாம் நின்றதால்தான் அதைப் பார்க்க முடிந்தது.

உப்புமாக்காரனும் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் நோட்டை எடுத்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, தட்டுகளை மறுபடி வரைந்தான். மிளகாயை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் கட்டத்துக்குள் இருந்தது.

முதலில் பொருள், பிறகு படம், பிறகு கட்டம், கடைசியில் பட்டை. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் திடமான கருத்து. இரண்டாம் வகுப்பிலேயே கிராஃப் தாளைக் கொடுத்து, பக்கத்தில் எண்களை எழுதவைத்து, ஸ்கேலால் பட்டை போடச் சொல்கிற தனியார் பள்ளி நோட்டுகளைப் பார்க்கிறேன். பட்டைகள் மிகச் சுத்தமாக இருக்கின்றன. "இந்தப் பட்டையில நீ எங்கம்மா இருக்க?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. தீப்பெட்டி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் இடம் தெரியும், பெயர் அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டிகள் மறுநாள் வெறும் கட்டங்களாகி, அதற்கு மறுநாள் கோடுகள் அழிந்து ஒரே பட்டையாகும்போதும், உள்ளே ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மறக்காது.

இனி பிளேஃபேர்.

1786இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். வணிக, அரசியல் அட்லஸ் என்று பெயர். அட்லஸ் என்றாலும் உள்ளே நாட்டு வரைபடம் கிடையாது. இங்கிலாந்து எந்தெந்த நாட்டிடம் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு விற்றது என்பதை ஆண்டுவாரியாக ஏறி இறங்கும் கோடுகளாகக் காட்டியிருந்தார். கிழக்கிந்திய வர்த்தகத்துக்கும் ஒரு படம் உண்டு. நம் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கும் அந்தக் கோட்டில் அடக்கம் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. மொத்தம் 44 படங்கள். அவற்றில் 43 காலத்தோடு நகரும் படங்கள். ஒன்றே ஒன்றுதான் வேறு மாதிரி. ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதி பற்றியது அது. ஸ்காட்லாந்துக்கு அவரிடம் ஆண்டுவாரிக் கணக்கு இல்லை. 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரைக்குமான ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் கைக்குக் கிடைத்தது. ஒரே ஆண்டை வைத்துக்கொண்டு கோடு எப்படி இழுப்பது? அதனால் 17 இடங்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏற்றுமதிக்கு ஒரு பட்டை, இறக்குமதிக்கு ஒரு பட்டை போட்டார்.

இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற பட்டை விளக்கப்படம் பிறந்த கதை இது. கணக்கு கிடைக்காத குறையில் பிறந்தது. அவருக்கே அதில் திருப்தியில்லை. காலத்தைக் காட்டாத படம், மற்றப் படங்கள் அளவுக்குப் பயன் இல்லாதது என்கிற மாதிரி எழுதிவைத்தார். வேறு வழியில்லாமல் அவர் போட்ட அந்த ஒரு படம்தான் உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் பாடமாகிவிட்டது.

என்னை இதைவிடப் பிடித்துக்கொண்ட செய்தி வேறு. பிளேஃபேருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 1759இல் ஸ்காட்லாந்தில், டண்டீ ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1772இல் அப்பா இறந்துபோகிறார். வளர்த்தது பத்துப் பதினோரு வயது மூத்த அண்ணன் ஜான். ஜான் பிளேஃபேரை வடிவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இணைகோடுகள் பற்றிய அடிகோள் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்த அண்ணன் தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும், குறித்ததைப் படமாகப் போட வேண்டும். எண்ணாகச் சொல்லக்கூடிய எதையும் கோடாகக் காட்டலாம் என்று அண்ணன்தான் கற்றுக்கொடுத்தார் என்றும், தன் வர்த்தகப் படங்களுக்கும் அந்த வெப்பமானிப் படத்துக்கும் அடிப்படை ஒன்றே என்றும் 1805இல் வந்த தன் புத்தகத்தில் வில்லியம் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். இடையில் ஜேம்ஸ் வாட்டிடம் பர்மிங்ஹாமில் வரைவாளராக இருந்திருக்கிறார். நீராவி எந்திரத்தின் தொழிற்சாலை. ஆனாலும் விதை விழுந்தது வீட்டில், அண்ணன் கையில்.

வெப்பமானியை ஒரு நிமிடம் மனதில் நிறுத்திப் பாருங்கள். ஒரு குழாய், கீழே குமிழ். பாதரசம் ஒரே அடியிலிருந்து எழும்பி ஏதோ ஓர் உயரத்தில் நிற்கிறது. அதுவே ஒரு பட்டை. இன்றைய வெப்பமானிக்குப் பக்கத்தில் நாளைய வெப்பமானி, அதற்குப் பக்கத்தில் நாளை மறுநாளைய வெப்பமானி என்று வரிசையாக நிறுத்திவைக்க முடிந்தால், அதுதான் வரைபடம். இல்லாத உருவம் எதையும் சிறுவன் வில்லியம் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. இயற்கை ஏற்கெனவே நிற்க வைத்திருந்ததை அவன் தாளுக்கு மாற்றினான்.

நம் பக்கத்திலும் அப்படி நிற்கிற பொருள் உண்டு. இந்தத் தொழில்தடத்தின் வடகிழக்கு ஓரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்காத வீடு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியில் பயமும் சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் டி.வி.யில் பார்க்கும் '21 அடி, 22 அடி' பிள்ளைகளின் காதிலும் விழுகிறது. அதை நோட்டில் அடிக்கு ஒரு கட்டமாகத் தினமும் போடச் சொன்னால், அந்தப் பட்டை தண்ணீராகவே அவர்களுக்குத் தெரியும்.

பிளேஃபேர் கதையை நான் அந்த டீச்சரிடம் சொன்னேன். அவர் ஏரிக்குப் போகவில்லை. கொட்டாங்குச்சியில் மண் போட்டுப் பச்சைப்பயறு ஊன்றினார். முளை மண்ணுக்கு மேலே வந்ததும், தினமும் காலையில் ஒரு காகிதப் பட்டையைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, நுனி எங்கே இருக்கிறதோ அங்கே கத்தரிக்க வேண்டும். ஸ்கேல் வேண்டாம், சென்டிமீட்டர் வேண்டாம். கத்தரித்த பட்டையில் கிழமை எழுதி, சார்ட் பேப்பரில் ஒரு கோட்டின்மேல் நிற்கிற மாதிரி ஒட்ட வேண்டும். செடியின் உயரம் கையில் காகிதமாக வந்துவிடுகிறது. அந்தக் காகிதமே வரைபடமாகிவிடுகிறது. இடையில் எண் என்று ஒன்று வரவே இல்லை. முதல் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளையும் மலர் நிலையில் இருக்கிற பிள்ளையும் ஒரே கொட்டாங்குச்சிக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் செய்வதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஒரு விஷயம் நடந்தது. வெள்ளிக்கிழமைப் பட்டைக்குப் பக்கத்தில் திங்கட்கிழமைப் பட்டையை ஒட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய எகிறல். ஒரு பெண் பிள்ளை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், லீவுல மட்டும் செடி வேகமா வளருது." சிரித்துவிட்டுப் போகக்கூடிய வார்த்தை இல்லை இது. படம் அப்படித்தான் சொல்கிறது. அவள் அதைச் சரியாகப் படித்திருக்கிறாள், படம்தான் தப்பு. "லீவு நாள்ல செடி என்ன பண்ணிச்சு?" என்று டீச்சர் கேட்டார். வளர்ந்தது. "நாம என்ன பண்ணோம்?" அளக்கவில்லை. "அப்ப சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் எங்க போச்சு?" கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பையன் எழுந்துபோய், திங்கட்கிழமைப் பட்டையைப் பிய்த்து இரண்டு பட்டை அகலம் தள்ளி ஒட்டினான். நடுவில் வெறும் இடம். அதற்குக் கீழே சனி, ஞாயிறு என்று எழுதினான்.

ஸ்காட்லாந்துக்கு ஆண்டுவாரிக் கணக்கு இல்லாதபோது பிளேஃபேருக்கு வந்த அதே சங்கடம். தெரியாத இடத்தை என்ன செய்வது? இட்டுக்கட்டி நிரப்பவும் கூடாது, இல்லாதது மாதிரி ஒட்டிவிடவும் கூடாது. அந்த இரண்டு பட்டை வெற்றிடத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. புத்தகத்துக் கணக்குகளில் எல்லா நாளுக்கும் எண் இருக்கும். நிஜத்தில் இருக்காது. பிள்ளைகள் தாங்களே அளந்தால்தான் அந்த ஓட்டை அவர்கள் கண்ணில் படும்.

பிள்ளைகள் தாங்களே குறிப்பது நம் பள்ளிகளுக்குப் புதிதில்லை என்பதையும் நியாயமாக இங்கே சொல்ல வேண்டும். 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்துச் செயல்வழிக் கற்றலை மாநகராட்சிப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளையின் உயரத்துக்கு இறக்கிய கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். கூடவே காலநிலை அட்டவணை. வெயிலா, மேகமா, மழையா என்று பிள்ளையே தினமும் குறிக்க வேண்டும். வருகையையும் அவர்களே பதிய வேண்டும். ஜான் பிளேஃபேர் தம்பிக்குக் கொடுத்த வேலையைத் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுத்தன என்பதை நான் பெருமையாகவே சொல்வேன். ஒரு குறை உண்டு. நான் பார்த்த பல வகுப்புகளில் குறிப்பதோடு வேலை நின்றுபோனது. மாதக் கடைசியில் அதை உட்கார்ந்து எண்ணி, வெயிலுக்கு ஒரு வரிசை, மழைக்கு ஒரு வரிசை என்று நிறுத்திப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் கடைசிப் படி ஒரு பிரியடு வேலைதான்.

பயறுச் செடியின் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அங்கன்வாடி ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் பிறக்கிற பிள்ளைக்கு அதன் முதல் வரைபடம் அங்கேதான் போடப்படுகிறது. மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. 1980இல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் இதை மிக நுட்பமாகப் பயன்படுத்தினார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதம் தவறாமல் நிறுத்தார்கள். எடை எவ்வளவு என்பதோடு, எடை ஏறுகிறதா இல்லையா என்று பார்த்தார்கள். கோடு ஏறாமல் படுத்துவிட்ட பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு 90 நாள். கோடு மறுபடி ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடுவார்கள். குண்டாக இருக்கிற குழந்தையின் கோடும் படுக்கலாம், மெலிந்த குழந்தையின் கோடும் நன்றாக ஏறலாம். கண்ணுக்குத் தெரியாததைக் கோடு முன்கூட்டியே காட்டிவிடும். அந்தக் கிராமத்துச் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர்கள், தாய்மார்களை உட்காரவைத்து விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தத் தாய்மார்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தொடக்கப் பள்ளியில். நடுத் தலைமுறை கம்பெனியில். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ கார் வந்ததிலிருந்து, ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்துகொண்டே போய், இந்தப் பகுதியில் ஏதாவது ஒரு லைனில் நிற்காத ஆள் உள்ள வீடு குறைவு. லைனில் நிற்கிற ஆள் தினமும் பார்ப்பது புரொடக்‌ஷன் போர்டு. மணிக்கு மணி டார்கெட் எவ்வளவு, வந்தது எவ்வளவு, ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்று அதில் இருக்கும். பச்சைப் பட்டை என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் சூப்பர்வைசர் வருவார். இதற்கெல்லாம் வேர் ஜப்பானில். கவோரு இஷிகாவா தொகுத்துக் கொடுத்த ஏழு தரக் கருவிகள். சாதாரணத் தொழிலாளி கையாள வேண்டும் என்பதற்காகவே எளிமையாக வைத்தவை. அவற்றில் ஒன்று, நாம் சென்ற வாரம் பார்த்த எண்ணிக்கைக் குறிகளைப் போடுகிற சரிபார்ப்புத் தாள். இன்னும் சில, பட்டைகளும் புள்ளிகளும் கோடுகளும். 1962இல் ஜப்பானில் தரவட்டங்கள் தொடங்கியபோது, தொழிலாளிகள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே எண்ணி, தாங்களே வரைந்து, தாங்களே தீர்வு சொல்ல வேண்டும் என்பதுதான் எண்ணம்.

எனக்கு இந்தத் தொடர் முழுக்க உறுத்திக்கொண்டிருக்கிற விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளைப் பற்றி வரைபடம் வரையப்படுகிறது. எடைக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று, தேர்ச்சிக்கு ஒன்று. இவர்களின் அப்பா அம்மாவைப் பற்றி லைனில் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பட்டைகளை வரைகிறவர் வேறு யாரோ, கேள்வி கேட்டவர் வேறு யாரோ. நாளைக்கு இந்தப் பிள்ளைகளும் எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு போர்டுக்கு முன்னால்தான் நிற்கப் போகிறார்கள். எட்டு வயதில், தான் கேட்ட கேள்விக்குத் தானே எண்ணி, தானே நிற்க வைத்த பிள்ளை, அந்தப் போர்டைப் பார்க்கிற விதமே வேறாக இருக்கும். இது யார் போட்ட பட்டை, எந்தக் கோட்டிலிருந்து எழும்புகிறது, நடுவில் எந்த நாள் காணோம் என்று கேட்கும். அதற்காகத்தான் தீப்பெட்டியில் இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன்.

வரைந்ததைப் படிப்பது பற்றியும் இந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். தொட்டுக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். அமெரிக்காவில் பிரான்சஸ் கர்சியோ என்ற கணிதக் கல்வியாளர், 4ஆம் வகுப்பு, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வை 1987இல் வெளியிட்டார். வரைபடத்தைப் படிப்பதில் மூன்று நிலை என்பது அவர் கணக்கு. படத்தில் இருப்பதைப் படிப்பது ஒன்று: கிச்சடிக்கு எத்தனை பேர்? இருப்பவற்றுக்கு இடையே படிப்பது இன்னொன்று: உப்புமாவைவிடக் கிச்சடிக்கு எத்தனை பேர் கூட? படத்தைத் தாண்டிப் படிப்பது மூன்றாவது: அடுத்த வாரம் மூன்று பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தால் பொங்கல் முந்திவிட வாய்ப்பு உண்டா? நம் தேர்வுத் தாள்கள் முதல் நிலையிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. 'எது அதிகம், எது குறைவு' என்று கேட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

அந்த வகுப்பில் மூன்றாவது கேள்வியை டீச்சர் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள். பொங்கல் கட்சி விடுவதாக இல்லை. அன்று இரண்டு பேர் லீவு. அவர்கள் வந்தால் என்ன ஆகும்? இரண்டு பேரும் பொங்கல் என்றால் பொங்கல் பத்து. ஒருவர் பொங்கல், ஒருவர் உப்புமா என்றால் பொங்கலும் கிச்சடியும் சமம். இரண்டு பேரும் உப்புமா என்றாலும் உப்புமா ஏழுதான், ஜெயிக்க முடியாது. உப்புமாக்காரன் அதைத் தானே விரல் விட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டான். வராத இரண்டு பேருக்கும் இரண்டு காலிப் பெட்டிகளைக் கோட்டுக்கு வெளியே எடுத்து வைத்தார்கள்.

அடுத்த வாரம் நிச்சயம் ரோட்டுக்குப் போகிறோம். 22 தீப்பெட்டிக்குத் தரை போதும். ஷிஃப்ட் முடிகிற அரை மணி நேரத்தில் அந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகளுக்குத் தீப்பெட்டி போதாது. ஒரு படத்துக்குப் பத்து வண்டி என்று வைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். கம்பெனி பஸ் 34 என்றால் மூன்று பஸ் வரைந்தாயிற்று. மிச்சம் நாலு பஸ்ஸுக்கு என்ன வரைவது என்பதில்தான் இப்போது தகராறு.

(தொடரும்)